காளிமுத்து குடித்திருக்கவில்லை

சிற்றம்பலம் ஐயா பொய் எழுதியிருக்கிறார். வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று சிலர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். மறந்தவர் எழுதாமல் இருக்கலாம். இவர் எழுதியிருக்கிறார், வழவழப்பான தாளில், தன் போட்டோவையும் போட்டு.

எங்கள் குளத்துக் கிளப் நினைவு மலர் வெளியிட்டிருக்கிறது. கிளப் ஆபீசை நடத்திய பழைய கிளாக்கர் என்ற முறையில் அவரிடம் கட்டுரை வாங்கியிருக்கிறார்கள். மலைநாட்டில் பலகைச் சவாரியை முதன்முதலில் தொடங்கிய பெருமை நம் குளத்துக்கு உண்டு என்கிறார். படகுக்காரன் ஒருவன் குடிபோதையில் படகை மோதியதால் அந்த விளையாட்டு நின்றுபோயிற்று என்கிறார். படகுக்காரனுக்குப் பெயர் போடவில்லை. துரைமார், அவர்களுடைய நாய்கள் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது.

கிளப்பில் இப்போது மோட்டார் படகு ஓட்டுகிற பையன்கள் மலரைக் கொண்டுவந்து, "மாமா, யாரு அந்தக் குடிகாரப் படகுக்காரன்? நீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்தப் படகுக்காரனைத் தெரியும். அவர் பெயர் காளிமுத்து.

குளம் இருப்பது உடப்புசல்லாவைப் பக்கம். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று முன்னொரு காலத்தில் ஒரு துரை பள்ளத்தை அணைகட்டி மறித்தார். பள்ளத்தில் இருந்த பழைய தேயிலையைப் பிடுங்கச் செலவாகும் என்று அப்படியே மூழ்கவிட்டார். செடி செத்தது, கட்டை சாகவில்லை. குளத்தின் மேல்கோடியில், கோயில் இருக்கிற பக்கம், தண்ணீருக்கு ஒரு முழம் கீழே அந்தக் கட்டைகள் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் படகு போகாது. பிறகு எஞ்சின் வந்தது, சக்கரம் நின்றது, குளம் மட்டும் மிஞ்சியது. சும்மா கிடக்கிற தண்ணீரைப் பார்த்தால் துரைமாருக்குப் பொறுக்காது. கிளப் கட்டினார்கள்.

கிளப்பை ஒட்டி ஒரு கடைத்தெரு வந்தது. அதை ஊர் என்று சொல்லலாம். சனிக்கிழமை கார்கள் வரும். கொழும்பிலிருந்தும், சுற்றியிருந்த தோட்டத்து பங்களாக்களிலிருந்தும் ஆட்கள் வந்து, இந்தக் குளிரில் அரைக்கால்சட்டையோடு தண்ணீரில் இறங்குவார்கள். நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் நின்று அவர்களைக் காவல் காப்போம். ஞாயிறு சாயந்தரம் கார்கள் போய்விடும். திங்கட்கிழமை ஊரில் வேலை செய்தவை நாய்கள் மட்டுமே. அவையும் படுத்துக்கொண்டே குரைத்தன. காசிம் நானா தன் தேத்தண்ணிக் கடையைப் பனி விலகிய பிறகுதான் திறப்பார். பனி விலகாத நாட்களில் திறக்கமாட்டார். யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. எல்லோரும் ஓய்வெடுக்க வருகிற ஊரில் அந்த ஓய்வுக்கு வேலை செய்தவர்கள் நாங்கள்.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலத்தில் நான் கிளப்பில் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காளிமுத்து அண்ணன் என்னைப் படகிலிருந்து தண்ணீரில் தள்ளினார். நான் மேலே வந்தேன். "மெதக்கிறான்யா. வச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பரீட்சை.

என்னை எடுத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. எங்கள் அப்பா தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்பு அடித்தவர். விடியும் முன் தோல் பறையை நெருப்பில் வாட்டி அவர் அடித்தால் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் எழுந்து பெரட்டுக் களத்துக்கு வரவேண்டும். "ஆட்களே, வாருங்கள்" என்பதற்கு ஓர் அடி உண்டு. குழந்தைகூட அதைக் கேட்டால் தூக்கத்தில் காலை அசைக்கும். அதே அடிதான் குளத்துக்கும் தேவைப்பட்டது.

எங்கள் பக்கத்துப் பனி சொல்லிக்கொண்டு வராது. வெயில் அடிக்கும், துரைசாணி குடை பிடித்துக்கொண்டு படகில் படுத்திருப்பார், மேல்மலை மரவரிசை மங்கும், நாலு இழுப்பு பீடி குடித்து முடிப்பதற்குள் படகின் முனை துடுப்புக்காரனுக்குத் தெரியாது. கரை எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அப்போது அணைக்கட்டில் நின்று நான் தப்பு அடிப்பேன். சத்தம் வருகிற பக்கமாகத் துடுப்புப் போட்டால் போதும். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியிலிருந்து வெளியே வரும். மேல்மலையில் மரவரிசை மறைந்ததும் நெருப்பு மூட்ட வேண்டும். ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், வாட்டாமல் அடித்தால் சத்தம் பக்கத்திலேயே விழுந்துவிடும். கடைசிப் படகு கட்டப்படும்வரை நிறுத்தக்கூடாது. கை வலிக்கிறது என்பதெல்லாம் பேச்சில்லை. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. காளிமுத்து அண்ணனும் நானும் செய்தோம், அது வழக்கமாகிவிட்டது. வருஷக்கணக்கில் ஓர் ஆளும் தொலையவில்லை.

இனி சிற்றம்பலம் ஐயாவைப் பற்றி. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை உடை, கறுப்புக் குடை. நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. காலையில் வந்து படகு மெத்தைகளை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பார். விரலைப் பார்ப்பார். கைக்குட்டையில் துடைப்பார். நடந்துவிடுவார். மெத்தை ஈரமா இல்லையா என்று சொல்லமாட்டார். நாங்கள் எல்லா மெத்தைகளையும் மறுபடி தூக்கி வெயிலில் போடுவோம்.

அவர் எதையும் 'செய்' என்று சொன்னதில்லை. "இது தேவையில்லை எண்டு நினைக்கிறன்" என்பார். "அது நல்லாயிருக்கும் எண்டு எனக்குப் படுது" என்பார். தனக்குத்தானே சொல்வதுபோல இருக்கும். அடுத்த நாள் அது நடந்திருக்காவிட்டால் ஒருவனுக்கு வேலை இருக்காது. நடந்து, அதனால் கெடுதல் வந்தால், அவர் ஒன்றும் சொல்லவில்லை. நினைத்தார், அவ்வளவுதான். இது ஒரு திறமை. நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஒரு நாள் அணைக்கட்டுக்கு வந்து குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வேலாயுதம், உந்தப் பறைச் சத்தம் செத்தவீட்டுச் சத்தம் மாதிரிக் கிடக்கெண்டு லேடிமார் சொல்லினம்."

"இது செத்த வீட்டு அடி இல்லீங்க ஐயா. ஆள் கூப்பிடுற அடி."

"எனக்கும் விளங்குது. அவையளுக்கு விளங்காதெல்லே. இனி இது தேவையில்லை எண்டு நினைக்கிறன்."

"மூட்டம் வந்தா எப்படிங்க கூப்பிடுறது?"

சட்டைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து என் கையில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட ஊதுவார்களே, அந்த விசில். தப்பை ஆபீஸ் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

காளிமுத்து அண்ணன் விசிலை வாங்கி ஊதிப் பார்த்தார். "குருவி கத்துற மாதிரி இருக்கேடா. பனியில குருவியும்தான் கத்தும். நான் எதைக் கேட்டு வர்றது?" என்றார். நேராக ஐயாவிடமே போய்ச் சொன்னார். ஐயா கண்ணாடியைத் துடைத்தார். "பாப்பம்" என்றார். பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை காலிப் பக்கக் கடற்கரைக்கு லீவில் போய், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகையோடு திரும்பினார். அங்கே பலகை மேல் ஏறி அலையோடு கரைக்கு வருகிறார்களாம். வந்த மறுநாளே குளத்துக்கு வந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் பலகைத் துரை. நல்ல மனுஷன். சிரித்த முகம். தமிழில் ஒரு பிடி சொற்கள் தெரியும், அத்தனையையும் ஒரே நேரத்தில் பாவிப்பார்.

பலகையைத் தண்ணீரில் போட்டார். ஏறினார். குளம் அசையாமல் கிடந்தது. அவரும் அசையாமல் கிடந்தார்.

"காளி! அலை இல்லே! அலை வேணும்!"

காளிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். "டேய் வேலு, தொரைக்கு அலை வேணுமாம். நானா கடையில இருக்கான்னு கேட்டுட்டு வா."

கரையில் நின்ற காசிம் நானாவின் காதில் அது விழுந்துவிட்டது. "போன கெழமைதான் முடிஞ்சிச்சு தம்பி. லொறி வந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார்.

அலை உண்டாக்கப் பார்த்தோம். இரண்டு பெரிய படகுகளை ஒட்டி வைத்து வேகமாகத் துடுப்புப் போட்டோம். சாக்கு மூட்டைகளில் மண் நிரப்பி அணைக்கட்டிலிருந்து உருட்டினோம். அலை வந்தது. வாத்துக்குப் போதும், துரைக்குப் போதவில்லை. கடைசியில் பலகையைக் கயிற்றால் படகில் கட்டி இழுப்பது என்று முடிவாகிற்று. துரை நின்றால் பலகை அமிழ்ந்தது. உட்கார்ந்தால் மிதந்தது. உட்கார்ந்து போவதற்குத்தான் படகு இருக்கிறதே என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. இதுதான் ஐயா மலரில் எழுதியிருக்கிற பலகைச் சவாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் காளிமுத்து அண்ணன் துடுப்புப் போடுவார், துரை பின்னால் பலகையில் உட்கார்ந்துகொண்டு "வேகமா! வேகமா!" என்பார். கரையில் துரைசாணிமார் கைதட்டுவார்கள். அண்ணனுக்குத் தோள் இறங்கிவிட்டது. அவர் மனைவி இராத்திரியில் எண்ணெய் தேய்ப்பாள்.

அவர் குடிப்பதில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், எங்கள் லயத்தில் குடிக்காதவனைத்தான் எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தன்று மற்றவர்கள் அவரைக் கேலி செய்வார்கள், "காளியண்ணே, ஒங்க பங்கையும் நாங்களே குடிச்சிட்டோம்" என்று. "நல்லா குடிங்கடா. நாளைக்கு ஒங்க பங்கு துடுப்பையும் நானே போடுறேன்" என்பார்.

இனி அந்த ஞாயிறு. தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கோயில் மேல்கோடியில் என்று முன்பே சொன்னேன். முந்தின வருஷங்களில் திருவிழா அன்று பனி இறங்கினால் இரண்டு தப்பு கேட்கும். அணைக்கட்டில் என் தப்பு, கோயிலில் என் தம்பியின் தப்பு. இரண்டு சத்தம் கேட்டால் நிற்காமல் வருவதுதான் அணைக்கட்டு என்று படகுக்காரன் கண்டுகொள்வான். யாரும் குழம்பியதில்லை.

அன்று மத்தியானம் பலகைத் துரை வந்தார். அண்ணன் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனார். நான் அணைக்கட்டில். மேல்மலை மரவரிசை மறைந்தது. விசில் ஊதினேன். பனி அணைக்கட்டில் ஏறி என் வேட்டியை நனைத்தது. மூச்சு முட்ட ஊதினேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன். காற்று மேல்கோடியிலிருந்து வீசியது. என் சத்தம் என் முகத்திலேயே அடித்தது.

அப்போது கோயிலில் சாமி தூக்க நேரமாகிவிட்டது. ஆட்களைக் கூப்பிட என் தம்பி தப்பை எடுத்தான். 'ஆட்களே, வாருங்கள்' அடி. எங்கள் அப்பா கற்றுக்கொடுத்த அதே அடி. பனியில் ஒரே ஒரு தப்பு.

காளிமுத்து அண்ணன் அதைக் கேட்டார். வருஷக்கணக்காகப் பனியில் தப்பு கேட்டால் அதுதான் கரை. ஐயாவிடமிருந்து வேலு எப்படியோ தப்பை வாங்கிவிட்டான் என்று நினைத்தாராம், பிறகு என்னிடம் சொன்னார். படகைத் திருப்பி முழு பலத்தோடு சத்தத்தைப் பார்த்துத் துடுப்புப் போட்டார். நேராகப் பழைய தேயிலைக் கட்டைகளுக்குள் போனார்.

படகின் அடி கிழிந்தது. கயிறு கட்டையில் சுற்றியது. பலகை வந்த வேகத்தில் இன்னொரு கட்டையில் இடித்து, பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் துரையின் கால் அகப்பட்டது. அண்ணன் அந்தப் பனிக்கட்டித் தண்ணீரில் குதித்து, முங்கி முங்கிக் கயிற்றை அவிழ்த்து, துரையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் ஏறிக் கோயிலுக்குப் போனார். அங்கே சனம் சாமியைத் தூக்கக் குனிந்திருந்தது. பனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரனைச் சுமந்துகொண்டு ஒருவன் வந்தான். பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். பூசாரி துரையின் நெற்றியில் திருநீறு பூசினார். துரை, "தேங்க்யூ, தேங்க்யூ" என்றாராம்.

துரையைப் படுக்கவைத்ததும் அண்ணன் விழுந்துவிட்டார். உடம்பு விறைத்து, பல் கிட்டிப்போயிற்று. குளிரில் விறைத்தவனுக்கு எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று தோட்டத்தில் யாரையும் கேளுங்கள். சாராயத்தை நெஞ்சிலும் பாதத்திலும் தேய்ப்பார்கள். அங்கே முனியாண்டி படையலுக்கு வைத்த போத்தல் இருந்தது. என் தம்பி அதை எடுத்து முழுவதையும் அண்ணன் மேல் ஊற்றித் தேய்த்தான். அவர் வாய் திறக்கவில்லை, திறக்க முடியவில்லை. நான் கரையைச் சுற்றி ஓடி அங்கே சேர்ந்தபோது இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தான். கண்ணால் பார்த்தேன்.

சிற்றம்பலம் ஐயா குடையோடு வந்தார். துரையைப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கத்தில் குனிந்து மூக்கைச் சுளித்தார். நிமிர்ந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

துரையைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தே சீமைக்குப் போய்விட்டார். எங்கள் பெரிய துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அவர் லீவில் இருந்தார். விசாரணைக்குக் கொழும்பிலிருந்து கிளப் தலைவர் வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் சிற்றம்பலம் ஐயா.

கிளப் விறாந்தையில் அண்ணன் நின்றார். கொழும்புத் துரை ஏதோ கேட்டார். "என்ன நடந்ததெண்டு துரை கேக்கிறார். சொல்லு" என்றார் ஐயா.

அண்ணன் சொன்னார். தப்பு வழக்கத்தைச் சொன்னார். அதை நிறுத்தியதைச் சொன்னார். விசிலைச் சொன்னார். தான் ஐயாவிடம் போய் முறையிட்டதைச் சொன்னார். கோயில் தப்பு, கட்டை, கயிறு, துரையைச் சுமந்தது, சாராயம் தேய்த்தது, எல்லாம் சொன்னார். வெயில் விறாந்தையில் ஏறி அவர் முழங்காலுக்கு வருகிறவரை சொன்னார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ஐயா துரையின் பக்கம் திரும்பி மூன்று சொல் சொன்னார்.

துரை தலையாட்டி எழுதிக்கொண்டார்.

நான் முன்னால் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. "தப்ப நிறுத்தச் சொன்னது இந்த ஐயாதாங்க. பூட்டி வச்சிருக்காரு. அலுமாரியத் தொறந்து பாருங்க" என்று கையை நீட்டிச் சொன்னேன். ஐயா அதையும் மொழிபெயர்த்தார். கொழும்புத் துரை என்னைப் பார்த்துப் புன்னகைத்து, "தேங்க்யூ" என்றார். உங்கள் கிளாக்கர்தான் குற்றவாளி என்று ஒருவன் சொன்னால் எந்தத் துரையும் அப்படிப் புன்னகைக்கமாட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

காளிமுத்து அண்ணனை அன்றே நிறுத்தினார்கள். அவர் குடியிருந்த லயத்து அறை கிளப்புடையது, அதையும் விடச் சொன்னார்கள். தொழிற்சங்கத்துக்குப் போனோம். உங்கள் பெயர் தோட்டத்து ஆள் பதிவில், செக்ரோலில், இல்லையே, கிளப் ஆட்களுக்கு நாங்கள் பேச முடியாது என்றார்கள். குடிகாரன் என்று பேர் போனவனை எந்தத் தோட்டமும் எடுக்கவில்லை. வட்டவளையில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக் கிடந்தார். பிறகு இந்தியாவுக்கு ஆட்களை அனுப்ப ஒப்பந்தம் வந்தபோது எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அங்கேயே செத்தார். என்னைப் புல்லு வெட்ட அனுப்பினார்கள். அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகுதான் மறுபடி குளத்துக்கு வந்தேன், அங்கேயே ஓய்வு பெற்றேன்.

அவர் மகள் பாக்கியம் இங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். நல்லதண்ணி ஊரில், யாத்திரைக்காரர் மலை ஏறுகிற சீசனுக்குக் கடை போடுகிறாள். அப்பா வேலையை இழந்தபோது சின்னப் பிள்ளை. மலரை யாரோ அவளிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாள். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

"சித்தப்பா, நெசத்தச் சொல்லுங்க. எங்கப்பா குடிச்சிருந்தாரா?"

"இல்ல புள்ள."

"எங்கம்மா சாகுற வரைக்கும் இல்லன்னுதான் சொல்லுச்சு. நான்தான் நம்பல. அச்சுல வேற போட்டுட்டாங்களே, சித்தப்பா."

நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நான் அவளுக்குச் சித்தப்பா முறை, இல்லை என்றுதானே சொல்வேன். அச்சில் போட்டவர் சொன்னால்தான் அவள் நம்புவாள்.

ஆகையால் சிற்றம்பலம் ஐயா அவர்களுக்கு: நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது உங்களுக்கு வராது. காளிமுத்து அவ்வளவு நேரம் சொன்னதை நீங்கள் துரையிடம் மூன்று சொல்லில் சொன்னீர்கள். அந்த மூன்று சொல் என்ன? நான் சொன்னதற்கு எதைச் சொல்லித் துரையைச் சிரிக்கவைத்தீர்கள்? பொய் எழுதிய அதே மலரில், அதே வழவழப்பான தாளில், உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பதில் எழுதுங்கள். தமிழில் எழுதச் சிரமமாக இருந்தால் நீங்கள் சொன்னபடி இங்கிலீஷிலேயே எழுதுங்கள். பாக்கியத்தின் மகள் இப்போது இங்கிலீஷ் டீச்சர். அவள் தன் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள், ஒரு சொல்லையும் விடாமல்.